முன்கூரை, பின்கூரை, ஒரே பேட்டரி: எத்தனை கண்ட்ரோலர் போடுவது?

கோலாலம்பூரைச் சுற்றிய செந்தூல், கெப்போங், செலாயாங் பக்கத்துத் தாமான்களில் பேட்டரியோடு சோலார் போடுகிறவர்கள் சின்னதாகத்தான் தொடங்குவார்கள். முன்கூரையில் நான்கு பேனல், மாடிப்படிக்கு அடியில் பேனலின் மின்சாரத்தை அளவோடு பேட்டரிக்கு ஏற்றும் ஒரு சார்ஜ் கண்ட்ரோலர், பக்கத்தில் ஒரு லித்தியம் பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர். கொஞ்ச நாளில் பிள்ளைகள் அறைக்கும் ஏர்கோன் வந்துவிடும். சும்மா கிடக்கும் பின்கூரை அப்போதுதான் கண்ணில் படும். அங்கேயும் நான்கு பேனல் ஏற்றலாம் என்று முடிவான பிறகு, வயரை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதில் குழப்பம் தொடங்குகிறது. பழைய கண்ட்ரோலரைக் கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்று வாங்கலாம். அதன் பக்கத்திலேயே இரண்டாவது ஒன்றை மாட்டலாம். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கண்ட்ரோலரும் இன்வெர்ட்டரும் ஒரே பெட்டியில் உள்ள ஹைப்ரிட் இன்வெர்ட்டருக்கும் போகலாம்.

மிஞ்சியதை மின்சாரக் கம்பெனியான டிஎன்பிக்கே அனுப்பிவிடலாமே என்பது வேறு கணக்கு. அப்படி அனுப்பியதைப் பில்லில் கழித்துக்கொள்ளும் நெம் 3.0 திட்டம் 2025 ஜூன் 30-ஆம் தேதியோடு மூடப்பட்டு, 2026 தொடக்கத்திலிருந்து அதன் இடத்தில் சோலார் அத்தாப் திட்டம் வந்திருக்கிறது. அந்த வழியில் போகிறவர்களுக்கு விதிமுறையும் விண்ணப்பமும் தனி. இங்கே பேசுவது, கூரையில் வருவதைப் பேட்டரியில் போட்டு வீட்டுக்குள்ளேயே செலவழிக்கும் அமைப்பைப் பற்றி மட்டும்.

"ஒரே பேட்டரியில் இரண்டு கண்ட்ரோலர் போட்டால் சண்டை போட்டுக்கொள்ளும்" என்ற எச்சரிக்கை எல்லார் வாயிலும் இருக்கிறது. அதற்குப் பயந்து தேவையில்லாமல் பெரிய கண்ட்ரோலருக்குச் செலவழிப்பவர்கள் உண்டு. என் கணிப்பில் நம் ஊருக்கு அது கடைசியாகப் பார்க்கவேண்டிய விஷயம். கூரையில் எங்கே நிழல் விழுகிறது, கொதிக்கும் பேனல் எத்தனை வோல்ட் தருகிறது, பேட்டரி எத்தனை ஆம்பியர் தாங்கும் என்ற மூன்றும் அதற்கு முன்னே வரவேண்டியவை.

சண்டை என்பது என்ன?

கண்ட்ரோலரின் வேலை எளிமையானது. பேட்டரி நிறையும்வரை பேனலில் கிடைப்பதையெல்லாம் உள்ளே தள்ளும். இதுதான் பல்க் நிலை. பேட்டரியின் வோல்ட் குறித்த அளவைத் தொட்டதும், அதைத் தாண்டவிடாமல் பிடித்துக்கொண்டு ஆம்பியரைக் குறைத்துக்கொண்டே வரும். இது அப்சார்ப்ஷன். அப்புறம் வோல்ட்டைக் கொஞ்சம் இறக்கி ஃப்ளோட் நிலையில் வைத்திருக்கும்.

இரண்டு கண்ட்ரோலர் ஒரே பேட்டரியில் இருந்தால், பல்க் நிலையில் எந்தத் தகராறும் இல்லை. ஒன்று 20 ஆம்பியர் தந்தால், மற்றது 30 தந்தால், பேட்டரிக்கு 50 போகும், அவ்வளவுதான். நிறையும் நேரத்தில்தான் சிறு வேறுபாடு தெரியும். கண்ட்ரோலர் அளப்பது தன் முனையில் உள்ள வோல்ட்டை. பேட்டரியிலிருந்து தள்ளி, மெல்லிய வயரில் இருக்கும் கண்ட்ரோலருக்கு உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். 6 சதுர மி.மீ. செம்பு வயர் போக 3 மீட்டர், வர 3 மீட்டர் என்றால், 30 ஆம்பியர் ஓடும்போது வயரிலேயே அரை வோல்ட்டுக்கு மேல் விழுந்துவிடும். அதே தூரத்துக்கு 16 சதுர மி.மீ. போட்டால் 0.2 வோல்ட்தான். தள்ளி இருப்பது "பேட்டரி நிறைந்துவிட்டது" என்று நினைத்து முதலில் பின்வாங்கும். பக்கத்தில் இருப்பது மிச்ச வேலையைப் பார்க்கும். எந்தக் கண்ட்ரோலரும் இதனால் எரிந்துபோகாது.

நட்டம் உண்டா? லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்குக் கிட்டத்தட்ட இல்லை. பேட்டரி பெரியது, பேனல் குறைவு என்றால் நாள் முழுக்க பல்க் நிலையிலேயே ஓடும். தகராறுக்கு வாய்ப்பே வராது. பேட்டரி சிறியது, பேனல் அதிகம் என்றால் உச்சிக்கு முன்பே நிறைந்துவிடும். அப்போது ஒரு கண்ட்ரோலர் பின்வாங்கினாலும் அந்த மின்சாரத்தைப் போட இடமில்லை. அந்த நேரத்தில் ஏர்கோனைப் போட்டால் வோல்ட் சற்று இறங்கும், ஓய்ந்திருந்த கண்ட்ரோலர் தானாக எழுந்து கைகொடுக்கும்.

ஈய பேட்டரி வைத்திருந்தால் மட்டும் கதை வேறு. அதன் அப்சார்ப்ஷன் மணிக்கணக்கில் நீளும். அதற்கு முன்பே ஃப்ளோட்டுக்கு இறங்கினால் தட்டுகளில் சல்பேட் படிந்து கொள்ளளவு தேயும். அதோடு ஈய பேட்டரிக்கு வெப்பத்துக்கு ஏற்ப வோல்ட்டைக் குறைக்கும் திருத்தம் இருக்கிறது: 48 வோல்ட் அமைப்பில் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 64 மில்லிவோல்ட். ஒரு கண்ட்ரோலர் வெயில் காயும் சுவரில் 45 டிகிரியிலும், இன்னொன்று உள்ளே 30 டிகிரியிலும் இருந்து, இரண்டும் தன் சொந்த வெப்பத்தையே பேட்டரியின் வெப்பமாக எடுத்துக்கொண்டால், இரண்டும் குறிவைக்கும் வோல்ட்டுக்கு நடுவே கிட்டத்தட்ட ஒரு வோல்ட் இடைவெளி விழும். ஈய பேட்டரிக்காரர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கண்ட்ரோலர்களை வாங்கி, பேட்டரியிலேயே ஒட்டிய ஒரே வெப்ப உணரியைப் பகிரச் செய்யவேண்டும். ஆனால் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈய பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது பழைய கணக்கு. கோலாலம்பூர் வெக்கையில் புதிதாக ஈய பேட்டரி வாங்க யாருக்கும் நான் சொல்லமாட்டேன்.

நம் கூரை, நம் வெயில்

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்ட ஆலோசனைகளை அப்படியே இங்கே எடுத்துவந்தால் இடிக்கும். ஓர் உதாரணம்: "கிழக்குக் கூரையும் மேற்குக் கூரையும் வெவ்வேறு நேரத்தில் உச்சத்துக்கு வரும், அதனால் கண்ட்ரோலர் சிறியதாக இருந்தாலும் போதும்." சூரியன் தாழ்ந்து போகும் ஊருக்கு அது சரி. கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு 3 டிகிரி வடக்கே இருக்கிறது. உச்சி வெயில் தலைக்கு நேர் மேலேயே நிற்கும். கூரைச் சரிவு 20 டிகிரி அளவில் இருக்கும் வீட்டில் அந்த நேரத்தில் இரண்டு பக்கமும் 90 விழுக்காட்டுக்கு மேல் வெயிலை வாங்கும். அதாவது இரண்டு பக்கத்தின் உச்சமும் ஒன்றாக வந்து பேட்டரியில் விழும்.

அந்த உச்சியும் 12 மணிக்கு வராது. 1982-ல் தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியதிலிருந்து, கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய 1.15 மணிக்கு. மேற்குக் கூரையின் நல்ல நேரம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் 3, 4 மணிக்கெல்லாம் கருத்துக்கொண்டு வந்து இடியோடு கொட்டும். அதனால் பின்கூரை மேற்கே பார்த்தால், முன்கூரை தந்த அளவு அதுவும் தரும் என்று கணக்குப் போடாதீர்கள்.

வடக்கு, தெற்கு பார்த்த கூரை என்றால் ஆண்டுக்குள் மாறி மாறி வரும். ஜூனில் சூரியன் வடக்கே சாய்ந்து போகும், டிசம்பரில் தெற்கே. 22 டிகிரி சரிவுள்ள வடக்குக் கூரை ஜூன் உச்சியில் முழு வெயிலையும் வாங்கும். டிசம்பரில் மூன்றில் இரண்டு பங்குதான். இரண்டு பக்கமும் பேனல் இருந்தால் ஆண்டு முழுக்க ஓரளவு சமமாக ஓடும்.

பினாங்கில் மலையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஆயர் ஈத்தாம் பக்கம் கொடிமலைக்கு அடிவாரத்தில் இருக்கும் வீடுகளுக்குச் சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே போய்விடும். அங்கே இருக்கும் என் மச்சானிடம் மேற்குக் கூரையில் காசு போடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கிழக்குப் பக்கத்திலேயே நெருக்கி அடுக்கி ஒரே கண்ட்ரோலரில் முடிப்பது அவருக்குப் போதும்.

ஓர் உதாரண வீடு

எண்களோடு பேசினால்தான் தெளிவாகும். கிழக்கே பார்த்த கூரை ஒன்று, மேற்கே பார்த்த கூரை ஒன்று, ஒவ்வொன்றிலும் 550 வாட் பேனல் நான்கு என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பேனலின் லேபிளில் திறந்த சுற்று வோல்ட் (எதோடும் இணைக்காதபோது வருவது) 49.9, முழுத் திறனில் ஓடும்போது ஏறக்குறைய 42 வோல்ட், 13 ஆம்பியர் என்று இருக்கும். பேட்டரி 16 செல் கொண்ட 51.2 வோல்ட் லித்தியம்; பேச்சுவழக்கில் 48 வோல்ட் பேட்டரி என்பது இதைத்தான்.

150 வோல்ட் வரை தாங்கும் கண்ட்ரோலரில் இப்படிப்பட்ட பேனல் மூன்றைத் தொடராக இணைக்கலாமா? 149.7 வருகிறது, 150-க்குள்தானே என்று தோன்றும். கூடாது. லேபிளில் உள்ளது 25 டிகிரிக்கான எண். மழையில் நனைந்து குளிர்ந்த பேனல் மேல் திடீரென வெயில் அடித்தால் வோல்ட் அந்த எண்ணை எட்டிவிடும், 22 டிகிரி என்றால் தாண்டிவிடும். தொழிற்சாலை வேறுபாடே இரண்டு மூன்று விழுக்காடு இருக்கும். இந்த எல்லையைத் தாண்டினால் கண்ட்ரோலர் செத்துப்போகும், வாரண்டியும் கிடைக்காது. ஆகவே இரண்டு இரண்டாகத் தொடரில், அந்த இரண்டு ஜோடியும் இணையாக.

நம் ஊரில் உண்மையில் காலை வாருவது மறுமுனை. உச்சி வெயிலில் பேனலின் செல் 60, 65 டிகிரிக்குச் சூடேறும். 42 வோல்ட் பேனல் 36-க்கு இறங்கும். இரண்டு சேர்ந்தால் 72. 56 வோல்ட்டில் நிறையும் பேட்டரிக்குத் தாராளம். இதையே 410 வாட் சிறிய பேனலில் செய்து பாருங்கள். அதன் ஓடும் வோல்ட் 31, சூட்டில் 27. இரண்டு தொடரில் 54. பேட்டரியின் 56-க்குக் கீழே! காலையில் நன்றாக ஓடிவிட்டு, வெயில் ஏற ஏற அது படுத்துவிடும். சிறிய பேனல் என்றால் மூன்றைத் தொடரில் போட்டால்தான் 48 வோல்ட் பேட்டரிக்குச் சரிவரும்.

இப்போது ஆம்பியர். ஒரு பக்கத்துக்கு 2,200 வாட். சரிவுக்குக் கொஞ்சம், சூட்டுக்குப் 13 விழுக்காடு என்று கழித்தால் உச்சியில் 1,780 வாட் அளவுக்கு வரும். 53 வோல்ட்டில் அது 33, 34 ஆம்பியர். இரண்டு பக்கமும் சேர்ந்து 67. மேக விளிம்பில் வெயில் பளிச்சென்று அடிக்கும் சில நிமிடங்களில் இன்னும் கூடும்.

பேட்டரி ஒரே ஒரு 100 ஆம்பியர்-மணி என்றால் இதுதான் மாட்டிக்கொள்ளும் இடம். அந்த வகைப் பேட்டரிக்குப் பெரும்பாலும் 50 ஆம்பியரில் சார்ஜ் செய்யச் சொல்லியிருப்பார்கள். 67 தொடர்ந்து போனால் செல் சூடேறும். பேட்டரிக்குள் இருந்து அதைக் காக்கும் பிஎம்எஸ் என்ற மின்னணுப் பலகை எல்லை மீறியதாக எண்ணி இணைப்பையே துண்டிக்கும். முழு வேகத்தில் தள்ளிக்கொண்டிருக்கும்போது பேட்டரி திடீரென மறைந்தால், கண்ட்ரோலரின் பக்கம் வோல்ட் எகிறி இன்வெர்ட்டரைப் பதம் பார்க்கலாம். இரண்டாவது கண்ட்ரோலர் வாங்கும் முன் இரண்டாவது பேட்டரி வேண்டுமா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான். 280 ஆம்பியர்-மணிப் பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

ஒரே பெரிய கண்ட்ரோலர்

உதாரண வீட்டுக்கு 250 வோல்ட், 70 ஆம்பியர் வகை ஒன்று போதும். கண்ட்ரோலர்களின் பெயரில் வரும் 150/35, 250/70 போன்ற எண்களில் முதலாவது பேனல் பக்கம் தாங்கும் வோல்ட், இரண்டாவது பேட்டரிக்குத் தரும் ஆம்பியர். கிழக்கின் நான்கும் தொடராக ஒரு வரிசை, மேற்கின் நான்கும் தொடராக ஒரு வரிசை, இரண்டையும் இணையாகச் சேர்த்து உள்ளே விடலாம். கிழக்கும் மேற்கும் வெவ்வேறு வெயில் வாங்கும்போது பாதிக்காதா என்றால், அதிகம் பாதிக்காது. வெயில் குறைந்தால் பேனலின் ஆம்பியர்தான் குறையும், வோல்ட் பெரிதாக மாறாது. ஒரே வோல்ட்டில் இரண்டு வரிசையும் ஒத்துப்போய்விடும். இழப்பு மிகச் சிறியது. ஆனால் கிழக்குப் பேனலையும் மேற்குப் பேனலையும் ஒரே தொடரில் கோக்கவே கூடாது. அப்படிச் செய்தால் வெயில் குறைந்த பக்கம் மற்றதையும் இழுத்துக் கீழே கொண்டுவரும்.

வரிசை வீட்டுக் கூரைகளில் நிழல் இல்லாத கூரை குறைவு. அடுத்த வீட்டுக்காரர் மேலே எடுத்துக் கட்டியிருப்பார். ஆஸ்ட்ரோ தட்டு இருக்கும். சுடுநீருக்கான சோலார் தொட்டி உட்கார்ந்திருக்கும். நான்கு பேனல் வரிசையில் ஒன்றில் நிழல் விழுந்தால் அந்த வரிசையின் வோல்ட் இறங்கும். அதோடு இணைந்திருக்கும் நல்ல வரிசை தன் வோல்ட்டில் ஓட விரும்பும். ஒரே கண்ட்ரோலர் இரண்டில் ஒன்றைத்தான் திருப்திப்படுத்த முடியும். நிழல் விழுந்த வரிசை முழுவதும் வீணாகலாம்.

நிழலே இல்லாத கூரைக்கு இது சுத்தமான வழி. பெட்டி ஒன்று, ஃபியூஸ் ஒன்று, செட்டிங் ஒருமுறை. ஆனால் 250 வோல்ட் மாடல்கள் 150 வோல்ட் மாடல்களைவிட விலை கூடுதல், கூரையிலிருந்து இறங்கும் வயரில் 200 வோல்ட் நேர்மின்சாரம் ஓடும், பழைய கண்ட்ரோலர் அலமாரிக்குப் போய்விடும். அந்த ஒரு பெட்டி கெட்டால் வீடு முழுக்க சோலார் இல்லை.

ஒரே பிராண்டில் இரண்டு

ஒவ்வொரு கூரைக்கும் 150/35 வகையில் ஒன்று. 48 வோல்ட்டில் இது 2,000 வாட் அளவுக்குத் தாங்கும்; நம் கணக்கில் வந்த 33, 34 ஆம்பியருக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஒரு கூரையில் நிழல் விழுந்தால் அது அந்தக் கூரையோடு போகும், மற்றது தன் பாட்டுக்கு ஓடும். இடி விழுந்து ஒன்று போனாலும் மற்றது ஓடும். ஆண்டில் பாதி நாளுக்கு இடி கேட்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில் இது சின்ன விஷயம் இல்லை.

வாங்கும்போது 48 வோல்ட்டுக்கு உகந்ததா என்று பாருங்கள். விக்ட்ரான் பிராண்டின் 100/30, 100/50 இரண்டும் 12, 24 வோல்ட்டுக்கு மட்டும்தான். ஆம்பியரை மட்டும் பார்த்து வாங்கினால் பெட்டியைத் திருப்பிக்கொண்டு போகவேண்டியிருக்கும்.

ஒரே பிராண்டின் கூடுதல் நன்மை பேச்சுவார்த்தை. விக்ட்ரானின் ஸ்மார்ட்சோலார் வகைகள் புளூடூத் வழியே ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒன்று தலைமையேற்க மற்றவை அதே நிலையில் ஒன்றாக ஏறி இறங்கும். பேட்டரி முனையில் ஸ்மார்ட்ஷன்ட் என்ற அளவுகருவி ஒன்றை வைத்தால் உண்மையான பேட்டரி வோல்ட்டை அது எல்லாருக்கும் சொல்லும். வயரில் விழும் வோல்ட் பற்றிய கவலை அத்தோடு தீர்ந்தது. மிட்நைட் கிளாசிக்கில் ஃபாலோ-மீ என்றும், அவுட்பேக்கில் ஹப் பெட்டி வழியாகவும் இதே வேலை நடக்கிறது.

இதையும் தாண்டி, பிஎம்எஸ் சொல்வதைக் கண்ட்ரோலர்கள் கேட்கவேண்டும் என்றால் நடுவில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி வேண்டும். விக்ட்ரானில் அது செர்போ ஜிஎக்ஸ். பேட்டரி "இப்போது 50 ஆம்பியர் போதும்" என்று சொன்னால், அந்த 50-ஐ இரண்டு கண்ட்ரோலருக்கும் அதுவே பங்கிட்டுக் கொடுக்கும். சின்னப் பேட்டரியும் நிறைய பேனலும் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தச் செலவு நியாயம். மற்றவர்கள் ஒவ்வொரு கண்ட்ரோலரின் செட்டிங்கிலும் அதிகபட்ச ஆம்பியரை 25 என்று பூட்டிவிட்டால் அதே பலன் இலவசமாகக் கிடைக்கும். உச்சி நேரத்தில் கொஞ்சம் இழப்பீர்கள், அவ்வளவுதான்.

வேறு வேறு பிராண்டில் இரண்டு

ஈபிஎவர் ஒன்று ஏற்கெனவே சுவரில் இருக்கிறது, விக்ட்ரான் ஒன்று சேர்க்கலாமா? லித்தியம் பேட்டரி என்றால் தாராளமாக. கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், காரணம் சொல்லமாட்டார்கள். இரண்டும் பேசிக்கொள்ளாது, அதனால் நீங்கள்தான் இரண்டிலும் ஒரே எண்ணைக் கையால் போடவேண்டும். பேட்டரித் தாள் வேறு சொல்லாவிட்டால் அப்சார்ப்ஷன் 56 வோல்ட், ஃப்ளோட் 54 என்பது 16 செல் லித்தியத்துக்கு மென்மையான இடம். வெப்பத் திருத்தத்தைப் பூஜ்ஜியமாக்க மறக்கக்கூடாது. பெரும்பாலான கண்ட்ரோலர்கள் தொழிற்சாலையிலிருந்து ஈய பேட்டரிக்கான செட்டிங்கோடுதான் வருகின்றன. லித்தியத்துக்கு அந்தத் திருத்தம் தேவையே இல்லை.

மலிவான பிடபிள்யூஎம் கண்ட்ரோலரை இந்தக் கூட்டணியில் சேர்ப்பதைத் தவிருங்கள். பேனலின் 72 வோல்ட்டைப் பேட்டரியின் வோல்ட்டுக்கு இறக்கி ஆம்பியராக மாற்றும் திறமை அதற்கு இல்லை, மிச்சம் வீண். இன்னொரு சிக்கலும் உண்டு. அவற்றில் பல, நேர் முனையைப் பொதுவாக வைத்து எதிர்முனையைத் திறந்து மூடுபவை. அந்த மாற்றும் திறமை உள்ள, இதுவரை நாம் பேசிய எம்பிபிடி வகைகளில் பெரும்பாலும் எதிர்முனை பொது. இரண்டு கூரையின் எதிர்முனைகளையும் எங்காவது ஒன்றாகவோ தரைக்கம்பியிலோ சேர்த்துவிட்டால், பிடபிள்யூஎம் கண்ட்ரோலரைத் தாண்டி மின்சாரம் கட்டுப்பாடில்லாமல் பேட்டரிக்குப் போகும்.

எல்லாம் ஒரே பெட்டியில்

ஒன்றுமே இல்லாத வீட்டில் புதிதாகத் தொடங்குபவருக்கு இரண்டு எம்பிபிடி (தனித்தனிப் பேனல் உள்ளீடு) உள்ள 5 கிலோவாட் ஹைப்ரிட் இன்வெர்ட்டரையே முதலில் பார்க்கச் சொல்வேன். கிழக்குக்கு ஒன்று, மேற்குக்கு ஒன்று என்று உள்ளேயே பிரிந்திருக்கும். பிஎம்எஸ்ஸோடு ஒரு கேபிளில் பேசும். ஆம்பியர் எல்லை, வோல்ட், எல்லாம் பேட்டரி சொல்படி நடக்கும். ஒருங்கிணைப்பு என்ற தலைவலியே இல்லை. இவற்றின் எம்பிபிடி 120 வோல்ட்டுக்கு மேல்தான் நன்றாக வேலை செய்யும் என்பதால் நான்கு பேனலையும் தொடரில் போடவேண்டும். ஒரு எம்பிபிடி மட்டும் உள்ள மலிவு மாடல்களும் கடையில் உண்டு. அதை வாங்கினால் பெரிய கண்ட்ரோலரின் நிழல் பிரச்சினை இங்கேயும் வந்துவிடும்.

எனக்குப் பிடிக்காதது இரண்டு. சும்மா இருக்கும்போதே 50 வாட் குடிக்கும் பெட்டி நாளுக்கு 1.2 யூனிட்டைத் தின்றுவிடும். கெட்டால் சோலாரும் இன்வெர்ட்டரும் ஒரே நேரத்தில் போகும், பழுதுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கவேண்டும்.

ஹைப்ரிட் ஏற்கெனவே இருக்கிறது, பின்கூரைக்கு மட்டும் ஒரு தனிக் கண்ட்ரோலர் சேர்க்கிறோம் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பிஎம்எஸ் பேசுவது ஹைப்ரிட்டோடு மட்டும். வெளியே இருக்கும் கண்ட்ரோலர் காது கேளாதது. அதன் அப்சார்ப்ஷனை ஹைப்ரிட்டைவிட 0.4 வோல்ட் குறைத்து வையுங்கள். நிறையும் நேரத்தில் அது முதலில் விலகிக்கொள்ளும், கடைசிக் கட்டத்தைப் பேட்டரியோடு பேசத் தெரிந்தது முடித்துவைக்கும். ஆம்பியரிலும் ஹைப்ரிட்டுக்கு ஒதுக்கியது போக மிச்சத்தைத்தான் இதற்குக் கொடுக்கவேண்டும்.

சரி, எனக்கு எது?

ஏற்கெனவே ஒரு நல்ல எம்பிபிடி சுவரில் இருக்கிறது, பேட்டரி லித்தியம் என்றால், இரண்டாவது ஒன்றைச் சேர்ப்பதே என் முடிவு. அதே பிராண்ட் கிடைத்தால் நல்லது. கிடைக்கவில்லை என்பதற்காகப் பழையதை வீசவேண்டாம். பெரிய ஒற்றைக் கண்ட்ரோலரை நான் சொல்வது, கூரை இரண்டிலும் நிழலே இல்லாமல், பழைய கண்ட்ரோலர் எப்படியும் மாற்றவேண்டிய நிலையில் இருந்தால் மட்டும். புதிய வீடு என்றால் ஹைப்ரிட். ஈய பேட்டரி என்றால் பேசிக்கொள்ளும் ஜோடி, வேறு எதுவும் வேண்டாம்.

இணைக்கும்போது

இரண்டு கண்ட்ரோலருக்கும் பேட்டரி பொது, பேனல் பொது இல்லை. ஒரே பேனல் வரிசையை இரண்டு கண்ட்ரோலரின் உள்ளீட்டில் கொடுத்தால் இரண்டும் மாறி மாறி வோல்ட்டை இழுத்துக் குழம்பும். இங்கே மட்டும் "சண்டை" என்ற சொல் பொருந்தும்.

பேட்டரிப் பக்கத்தில் இரண்டு வயரையும் பேட்டரி முனையில் ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகாமல், நேருக்கு ஒன்று எதிருக்கு ஒன்று என்று பஸ்பார் (பல வயர்களைச் சேர்க்கும் தடித்த உலோகப் பட்டை) போட்டு அதில் இறக்குங்கள். இரண்டு கண்ட்ரோலரிலிருந்தும் பஸ்பாருக்கு ஒரே நீளம், ஒரே தடிமன். 35 ஆம்பியருக்கு 16 சதுர மி.மீ. போட்டால் நிம்மதி. ஒவ்வொன்றுக்கும் தனி நேர்மின் பிரேக்கர், பேட்டரி வாயில் ஒரு கிளாஸ் டி (Class T) ஃபியூஸ். லித்தியம் பேட்டரி குறுக்குச்சுற்றில் ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். வீட்டு டிபி பெட்டியில் இருக்கும் சாதாரண ஏசி பிரேக்கருக்கு அதை அறுக்கும் வலு இல்லை. புடு, ஜாலான் பசார் கடைகளில் பஸ்பார், லக் (வயர் முனையில் நசுக்கிப் பொருத்தும் உலோகக் காது), பிரேக்கர் எல்லாம் கிடைக்கும். பிரேக்கரின் உடம்பில் டிசி என்றும் அதன் வோல்ட்டும் அச்சிட்டிருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள். கூரையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு வரிசைக்கும் இடிதாங்கிப் பெட்டி தனித்தனியே வேண்டும். இரண்டு கண்ட்ரோலர் என்றால் அந்தச் செலவும் இரண்டு.

இணைக்கும் வரிசை முக்கியம். முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். கண்ட்ரோலர் பேட்டரியைப் பார்த்துத்தான் இது 12-ஆ, 24-ஆ, 48-ஆ என்று தெரிந்துகொள்கிறது. இன்வெர்ட்டரிலிருந்து வீட்டு வயரிங்குக்குப் போகும் பக்கத்தை மட்டும் எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜெயா தெனாகாவின் சான்று பெற்ற வயர்மேனிடம் விட்டுவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும், வானம் தெளிவாக இருக்கும் ஒரு நாள் 1 மணி வாக்கில், பேட்டரி பாதி காலியாக இருக்கும்போது நேர்மின்சாரம் அளக்கும் கிளாம்ப் மீட்டரை இரண்டு வயரிலும் மாட்டிப் பாருங்கள். கிழக்கு, மேற்குக் கூரை என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே ஆம்பியர் காட்டவேண்டும். வடக்கு, தெற்கு என்றால் ஜூனிலும் டிசம்பரிலும் மூன்றில் ஒரு பங்குவரை வித்தியாசம் இருப்பது சரிதான். ஒன்று பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் நின்றால், அது பேட்டரி நிறைந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறது. அதன் திரையில் காட்டும் வோல்ட்டையும் பேட்டரி முனையில் மல்டிமீட்டர் காட்டுவதையும் ஒப்பிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கண்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் நடுவே 0.3 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால், வயர் மெல்லியது அல்லது லக் சரியாக நசுக்கப்படவில்லை. பிரேக்கரை இறக்கிவிட்டு லக்கைத் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அதை வெட்டி மறுபடி அடியுங்கள்.